எனக்கு எழுதுங்கள்

கடைப் பலகையில் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘அண்ட் சன்’ என்று எழுதியிருந்தது. அந்தச் சன் கல்லாவில் உட்கார்ந்து ஃபோன் எடுப்பார். சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், வாஷிங் மெஷினைச் சாய்த்து, பம்பைக் கழற்றி, பெல்ட்டை மாற்றி, முழங்கைவரை கிரீஸோடு திரும்பி வருவது மகள். அப்பா போன பிறகு பதினோரு வருடமாக இதுதான் ஏற்பாடு. அண்ணன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வாடிக்கையாளர்களும் அவளைத் தங்கச்சி என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

கடையில் ஒரு சட்டம் உண்டு. அவள் தன் ஃபோன் நம்பரை எந்த வாடிக்கையாளருக்கும் கொடுக்கக் கூடாது. பொம்பளை நம்பரைக் கண்டவனிடமும் கொடுக்கலாமா என்பது அண்ணனின் நியாயம். முன்பின் தெரியாதவன் வீட்டுக்குள் தனியாகப் போய் அவன் குளியலறையில் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அதில் மானம் போகாது. நம்பர் கொடுத்தால் மட்டும் போய்விடும். என்ன கண்றாவி நியாயமோ.

ஒருநாள் அவள் கேட்டே விட்டாள். பலகையில் தன் பெயரும் வர வேண்டும், இல்லையென்றால் தனியாகப் போய்விடுகிறேன் என்றாள். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

“உன்னைத் தேடி எவன் வரான்? எல்லாரும் கடையைத் தேடி வரான். சரி, ஒண்ணு செய்வோம். கடைப் பேர் இல்லாம, உன்னையே தேடிப் பத்துப் பேர் ஒரு மாசத்துல வரட்டும். உன் சாமான் பெட்டியை நானே தூக்கிட்டு வந்து உன் வீட்டுல வைக்கிறேன். வரலைன்னா இந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கக் கூடாது.”

அவளும் ரோஷத்தில் சரி என்றுவிட்டாள். வீட்டுக்குப் போய்த்தான் யோசித்தாள். பத்துப் பேருக்கு எப்படித் தெரியும், இப்படி ஒருத்தி இருப்பது? பஸ் ஓட்டும் கணவன்தான் சொன்னான், டிப்போவில் ஒருவர் தன் டியூஷனுக்குத் தானே வெப்சைட் செய்துகொண்டாராம், கோடிங் ஒரு எழுத்துகூடத் தெரியாதாம், இழுத்து இழுத்துப் போட்டாராம், முடிந்ததாம்.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனால் அண்ணன் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்துதான் வருவார். அந்த நேரத்தில் கடைக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். அவள் உட்கார்ந்தாள். இலவசமாகக் கிடைத்த டெம்ப்ளேட் ஒரு பூக்கடைக்காகச் செய்தது. பக்கம் முழுக்க ஒருத்தி பூங்கொத்தை அணைத்துக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். அவளை அழித்தால் கீழே இருந்த எழுத்து மேலே தாவியது. எழுத்தைப் பிடித்து இழுத்தால் படம் காணாமல் போனது. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டு ஃபோனில் திறந்து பார்த்தால் தலைப்பு மூன்று துண்டாகத் தொங்கியது. இழுத்துப் போட்டால் போதும் என்று விளம்பரம் எழுதியவனைக் கூட்டி வந்து, ஒரு முன்கதவு மெஷினைத் தனியாளாக மூன்று மாடி ஏற்றச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

நாலாம் நாள் பிடி கிடைத்தது. எல்லாமே பெட்டிக்குள் பெட்டிதான். வெளிப்பெட்டியைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் கூடவே வரும். அடச்சே, இவ்வளவுதானா என்று இருந்தது. அதன் பிறகு கை தானாக ஓடியது. தலைப்பில் தன் பெயரைப் போட்டாள். தண்ணீர் வடியவில்லையா, துணியைப் பிழியும்போது மெஷின் அறை முழுக்க நடக்கிறதா, கதவு ரப்பர் நாறுகிறதா என்று ஒவ்வொரு கோளாறாக எழுதினாள். பாதிக் கோளாறுக்கு என்னைக் கூப்பிடவே வேண்டாம் என்று போட்டு, ஃபில்டரை எப்படிக் கழற்றிக் கழுவுவது என்பதையும் எழுதி வைத்தாள். எந்தக் கம்பெனிக்காரன் இதைச் சொல்வான்?

ஃபோன் நம்பர் போடவில்லை. கை மெஷினுக்குள் இருக்கும்போது மணி அடித்தால் எடுக்க முடியாது, எடுக்காவிட்டால் வந்தவர் வேறு ஆளைப் பார்த்துப் போய்விடுவார். எழுதட்டும், சாயங்காலம் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு படிவம் வைத்தாள். டெம்ப்ளேட்டில் ‘எங்களுக்கு எழுதுங்கள்’ என்று இருந்தது. எங்களுக்கு என்ன எங்களுக்கு? ‘எனக்கு எழுதுங்கள்’ என்று மாற்றினாள். வரும் கடிதங்கள் எந்த மெயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்டது. முதல் எழுத்தைத் தட்டியதுமே கம்ப்யூட்டர் மீதியைத் தானே நிரப்பிக்கொண்டது. அவள் ‘அடுத்து’ என்பதை அழுத்தினாள். வெளியிட்டாயிற்று. அன்றைக்கு அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. வெப்சைட் போட்டிருக்கிறேன், எனக்கே எழுதுவார்கள் பார் என்று அண்ணனிடமும் சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் போயிற்று. ஒருவரும் எழுதவில்லை. தினமும் சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு மெயிலைத் திறப்பாள், காலியாக இருக்கும். இரண்டாவது வாரமும் அப்படியே. அண்ணன் தினம் காலையில் மறக்காமல் விசாரிப்பார்.

“என்ன தங்கச்சி, யாராச்சும் எழுதினாங்களா?”

இல்லை என்பாள். அவர் உச்சுக்கொட்டுவார்.

வேடிக்கை என்னவென்றால், கடைக்கு மட்டும் வேலை கொட்டியது. அண்ணன் காலையில் நாலு துண்டுச்சீட்டு நீட்டினால் மதியம் இன்னும் இரண்டு நீட்டினார். அவளுக்குச் சாப்பிட நேரமில்லை. ஒரு வீட்டில் ஒரு பெரியவர், நீங்கள் சொன்ன மாதிரியே ஃபில்டரைக் கழுவிப் பார்த்துவிட்டேன், அப்படியும் வடியவில்லை என்றார். அண்ணன் ஃபோனில் சொல்லியிருப்பார் என்று இவள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். ஃபில்டர் மெஷினுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்றே தெரியாத அண்ணன் எப்படிச் சொல்வார் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. களைப்பில் புத்தி மழுங்கிப் போயிருந்தது.

இருபத்தெட்டாம் நாள் அவளே போய், நீ சொன்னதுதான் சரி அண்ணா என்றாள். அண்ணன் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டி, விடு, எல்லாருக்குமா எல்லாம் அமையும் என்று ஆறுதல் சொன்னார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அவளும் அந்த டீயைக் குடித்தாள்.

மறுநாள் முதல் சீட்டு ஒரு டீச்சர் வீட்டுக்கு. டீச்சர் கதவைத் திறந்த கையோடு, எழுதினால் உடனே வருகிறீர்களே, நல்லது என்றார். எங்கே எழுதினீர்கள் என்று இவள் கேட்டாள்.

“உங்க வெப்சைட்லதான். சத்தம் எப்படி வருதுன்னு ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேனே? நீங்கதானே பதில் போட்டீங்க?”

ஃபோனை நீட்டினார். அவள் படித்தாள். வணக்கம், நானே நேரில் வந்து பார்க்கிறேன், இனிமேல் எது வேண்டுமானாலும் கீழே உள்ள கடை எண்ணுக்கே அழைக்கவும். அனுப்பியது கடை மெயில். கீழே, தங்கச்சி என்று கையெழுத்து வேறு.

அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன. முதலில் தன் மேலேயே கோபம் வந்தது. ஒரு மெஷினைச் சரிபண்ணினால் தண்ணீர் விட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் எந்த வீட்டைவிட்டும் அவள் வெளியே வந்ததில்லை. தன்னுடைய படிவத்தில் தானே ஒரு வரி எழுதிப் போட்டு, எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லையே! கடை மெயிலுக்கும் அவள் மெயிலுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். கம்ப்யூட்டர் தனக்குப் பழகியதை நிரப்பியிருக்கிறது. சரி, அது கம்ப்யூட்டர், அதற்கு எதுவும் தெரியாது. தெரிந்த மனுஷன் தினம் காலையில் எதிரே நின்று, யாராவது எழுதினார்களா என்று கேட்டாரே, அதற்கு என்ன பெயர்?

டீச்சரின் மெஷினில் டிரம்முக்குக் கீழே ஒரு காசு சிக்கியிருந்தது. எடுத்தாள், மூடினாள், ஓட்டிப் பார்த்தாள். நேராகக் கடைக்கு வந்தாள்.

அண்ணன் சாப்பிட்டாயா என்று கேட்டார். எழுந்திரு என்றாள். பதினோரு வருடத்தில் அவரிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுந்துவிட்டார். அவள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து மெயிலைத் திறந்து, ஒவ்வொன்றாக எண்ணினாள். மொத்தம் இருபத்தாறு பேர். அத்தனை பேரும் அவளுக்கு எழுதியவர்கள். அத்தனை பேருக்கும் அவள் பெயரில் பதில் போயிருந்தது. இருபத்தைந்து வீட்டுக்கும் அவளே போய் வேலை பார்த்திருக்கிறாள்.

இருபத்தாறாவது ஒரு பெண்கள் விடுதி. பதினான்கு மெஷின், வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், உள்ளே ஆண்களை விடுவதில்லை, நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் உங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது என்று வார்டன் எழுதியிருந்தார். இரண்டாவது வாரமே வந்த கடிதம். அதற்குப் போன பதில் ஒரே வரி: மன்னிக்கவும், நான் இந்தத் தொழிலை விட்டுவிட்டேன்.

அதை அவள் இரண்டு தடவை படித்தாள். வருடம் முழுக்க அவளையே கேட்கிற வேலை, துண்டுச்சீட்டில் மறைக்க முடியாதது. மற்றதையெல்லாம்கூடத் திருட்டுப் புத்தி என்று விட்டுவிடலாம். இதை எழுதும்போது இந்த மனுஷனுக்குக் கை கூசவில்லையா?

அண்ணன் பேச ஆரம்பித்தார். வந்ததெல்லாம் நம் கடைக்குத்தானே வந்தது, வெளியாளா சாப்பிட்டான், குடும்பத்துக்குத்தானே என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் அவர் குரல் இறங்கியது.

“நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு ஒரு ஸ்க்ரூ திருகத் தெரியுமா? உனக்கே தெரியும்ல.”

அதுதான் உண்மை. இவ்வளவு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பா ஜாடை அப்படியே இருந்தது. ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது, அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் எங்கயும் போயிருக்க மாட்டேண்ணா.”

சொல்லிவிட்டு, விடுதிக் கடிதத்தில் இருந்த எண்ணைத் தன் சொந்த ஃபோனில் அழுத்தினாள். அண்ணன் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வார்டன் எடுத்தார். இவள் யார் என்று சொன்னதும் அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார், ஞாபகம் வந்தது. தொழிலை விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்களே என்று கேட்டார். ஆள் இன்னும் கிடைக்கவில்லையாம்.

“தொழிலை விடலைங்க. வேலை பார்த்த கடையைத்தான் விட்டேன்.”

“அப்படியா? எப்ப விட்டீங்க?”

“இப்பதான்” என்றாள்.