சார்ஜ் பத்தாத வண்டி

அப்பாவின் கால்கள் பின்சீட்டுக்குள் மடங்கவில்லை. செல்வி இந்தப் பக்கம் நின்று முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பக்கம் அம்மா ஆண்டாள் முதலிலேயே ஏறி உட்கார்ந்து, புருஷனின் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் தாராளமாக உட்காரலாம் என்று சொல்லி விற்ற கார்தான். நாலாவது ஆள் பிணமாக வருவார் என்று விற்றவன் நினைத்திருக்க மாட்டான்.

"மெதுவா மடக்கு பாப்பா. அவருக்கு வலிக்கப் போவுது" என்றாள் ஆண்டாள்.

அண்ணன் சரத்குமார் இறங்கி வரவில்லை. முன்சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கோயில் பூசாரி கண்ணாயிரம்தான் ஓடிவந்து, தன் தலைத்துண்டைக் கிழித்து அப்பாவின் தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, கதவைச் சாத்தினார்.

ஆம்புலன்ஸ் வந்து திரும்பிப் போயிருந்தது. அதில் வந்தவர் அப்பாவின் நெஞ்சில் ஏதேதோ ஒட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "உசுரு இருந்தாத்தாங்க நாங்க ஏத்த முடியும். பாடிக்கு வேற வண்டி. அது கள்ளக்குறிச்சிலேர்ந்து வரணும். எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாதுங்க." சொல்லிவிட்டுக் காலி வண்டியை மலையிறக்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதுதான் ஆத்திரமாக இருந்தது செல்விக்கு.

"நம்ம வண்டியிலயே போவலாம். நடுவுல நின்னா நிக்கட்டும். இனிமே இன்னா அவசரம்?" என்றான் சரத்குமார்.

அந்தக் காரின் மேல் அப்பா ராஜாங்கத்துக்குக் கொள்ளை ஆசை. கரண்டில் ஓடும் சின்னக் கார் என்று சரத்குமார் வாங்கி வந்தபோது, தியாகதுருகம் பக்கத்தில் அவர்கள் ஊரே அதைப் பொம்மைக் கார் என்று சிரித்தது. ராஜாங்கம் மட்டும் வேறு கணக்குப் போட்டார். வீட்டு மீட்டரில் சார்ஜ் போட்டால் பில் ஏறும். வயலில் மோட்டார் கொட்டகைக்கு வருவது விவசாயத்துக்கான இலவசக் கரண்டு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற ஆள் அவர். காரைக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயரை விட்டார். "பெட்ரோலும் இல்ல, பில்லும் இல்ல. எவன்கிட்ட கீது இந்த மாதிரி வண்டி?" என்று டீக்கடையில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

மோட்டாரும் காரும் சேர்ந்து ஓடினால் கொட்டகையில் ஃபியூஸ் போய்விடும். மும்முனைக் கரண்டு வருவதே கொஞ்ச நேரம். அன்றைக்கு விடியற்காலையில் அது வந்ததும், கரும்பு காய்கிறதே என்று ராஜாங்கம் கார் ஒயரைப் பிடுங்கிப்போட்டு மோட்டாரை ஓடவிட்டார். காருக்குப் படையல் போடக் கல்வராயன் மலையிலிருக்கும் குலசாமி கோயிலுக்குப் புறப்பட்டபோது பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

"பத்துமாப்பா?" என்று சரத்குமார் கேட்டான்.

"மலை இன்னா டெல்லியிலயா கீது? போய்க்கினு வந்துடலாம், ஏறு."

கச்சிராயபாளையம் தாண்டி மேடு ஏற ஆரம்பித்ததும், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டுகிற எண் மளமளவென்று இறங்கியது. கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்றில் நின்றது. மலையில் அன்றைக்குக் கரண்டே இல்லை. கரண்டு வந்ததும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று பொங்கல் வைத்தார்கள், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். காரின் பெருமையைக் கண்ணாயிரத்திடம் அளந்துகொண்டிருந்த ராஜாங்கம், பாதிப் பேச்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை நொடியில் வியர்வையில் தெப்பலாக நனைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அந்த மலை ஊரின் ஒரே ஜீப் சந்தைக்குப் போயிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டதில் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

"எறக்கந்தானேண்ணே. கச்சிராயபாளையம் வரைக்குமாவது போயிடலாம். அங்க ஒரு டாக்டர் இல்லாமலா பூடுவாரு?" என்றாள் செல்வி.

"மேடு ஏறச்சொல்லவே சார்ஜ் பாதிய தின்னுடுச்சு. நடு வளைவுல நின்னுச்சுனா போன் கூட எடுக்காது. அப்பாவ ரோட்டுல போட்டுக்கினு இன்னா பண்ணுவ? தெரியாம பேசாத."

ராஜாங்கம் கண்ணைத் திறந்தார். "வண்டிய எடு, சரத்து" என்றார்.

"ஆம்புலன்ஸ் வருதுப்பா. அதுல ஆக்சிஜன்லாம் இருக்கும்."

அவர் மறுபடியும் சொல்லவில்லை. செல்வியும் சொல்லவில்லை. அண்ணன் ஓட்டுகிறவன், அவனுக்குத் தெரியும் என்று வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிய அந்தப் பாவத்தை யார் தலையில் கட்டுவது? ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்து வளைவில் கேட்டபோது, ஆண்டாளின் கையைப் பிடித்திருந்த ராஜாங்கத்தின் பிடி தளர்ந்துவிட்டிருந்தது.

இப்போது கார் இறங்கிக்கொண்டிருந்தது. செல்வி முன்சீட்டில் அண்ணன் பக்கத்தில் இருந்தாள். ஆக்சிலேட்டரை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் வளைவைத் தாண்டியதும் கிலோமீட்டர் எண் பதினொன்றிலிருந்து பன்னிரண்டானது. செல்வி தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்தாள். அடுத்த வளைவில் பதினாலு. இறக்கத்தில் சக்கரம் சுற்றச் சுற்றக் கரண்டு பேட்டரிக்கே திரும்பும் என்று விற்றவன் அன்றைக்கே சொல்லியிருந்தான். மேடு பள்ளம் இல்லாத ஊரில் ஓட்டுகிறவர்களுக்கு அது காதோடு போயிற்று. இப்போது பதினேழு. பிறகு இருபத்தொன்று.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவனும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். திட்ட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மலை முடிகிற இடத்தில் எண் இருபத்தாறைக் காட்டியது. அங்கிருந்து கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி அவ்வளவு தூரம்கூடக் கிடையாது.

"சார்ஜு பத்துமாடா, வூடு வரைக்கும்?" என்று பின்னாலிருந்து ஆண்டாள் கேட்டாள்.

"ஆஸ்பத்திரில போட்டுக்கலாம்மா. அது வரைக்கும் பத்தும்" என்றாள் செல்வி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கு உறைத்தது.

சரத்குமார் அந்த எண்ணைப் பார்த்தபடியே கையை நீட்டி ஏசியை முழுசாகத் திருகினான். பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டான். வைப்பரைத் தட்டிவிட்டான். அது காய்ந்த கண்ணாடியில் கிரீச் கிரீச்சென்று தேய்த்தது. எண் இருபத்தைந்துக்கு இறங்கியது. கடைசியாக மிச்சமிருந்த சின்னச் சரிவில் மறுபடி இருபத்தாறானது.

ஆண்டாள் முந்தானையை விரித்து ராஜாங்கத்தின் நெஞ்சின் மேல் போர்த்திவிட்டாள்.

"ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணுடா. அப்பாவுக்குக் குளுரும்" என்றாள்.

சரத்குமார் குறைக்கவில்லை.