சாமி ரூம்

எனக்குப் பேய், பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று அஞ்சலை அக்கா வீட்டு வாசலில் நின்றபோது கை மயிர் சிலிர்த்துக்கொண்டதை ஏன் மறைக்க வேண்டும்? எங்கள் பாலோ ஊரில் உச்சி வெயில். கதவில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. சன்னல்களையெல்லாம் சாத்தி, உள்ளே சாம்பிராணி போட்டிருந்தார்கள். கூடத்துத் தரை முழுக்க அரிசி மாவு தூவியிருந்தது.

"மிதிச்சிடாதீங்க டீச்சர், ஓரமா வாங்க" என்றார் அக்கா. "காலடி விழுதான்னு தெனமும் பாக்குறோம்."

அவர் மகள் லோஷினிக்கு இருபத்து நான்கு வயது. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு நாங்கள் நடத்தும் மையத்தில் கேக் செய்யப் பழகுகிறாள். கொஞ்ச நாளாக ஆளையே காணோம். போன் செய்தால், "உடம்புக்கு முடியல லா" என்று அக்கா வைத்துவிடுவார். அதனால்தான் நேரில் வந்தேன்.

"என்னக்கா கூத்து இது?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். "சாமி ரூம்ல என்னமோ வருது டீச்சர். மத்தியானத்துலதான். 'சாமி ரூம்ல வருது, வேணாங்குறேன், போக மாட்டேங்குது'ன்னு அழுவுறா. பூட்டி வெச்சோம், மாவு போட்டோம். ஒண்ணும் ஆம்புடல. சாமி இருக்குற எடத்துக்கே வருதுன்னா எவ்ளோ பெரிய துஷ்டமா இருக்கும்!"

"மத்தியானம் நீங்க ஃபேக்டரிக்குப் போயிடுவீங்களே?"

"தம்பி லெட்சுமணன காவலுக்கு வெச்சிருக்கேன். முன்ன சாப்பிட மட்டும் வந்துட்டுப் போவான். இப்ப நான் வர்ற வரைக்கும் இருக்கான், பாவம். இன்னிக்குப் பூசாரி வர்றாருன்னு நான் லீவு."

"லோஷினி எங்க?"

"சாமி ரூம்லதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எது பயமுறுத்துகிறது என்கிறாளோ, அதற்குள்ளேயா போய் உட்கார்வாள் என்று கேட்டேன்.

"அதான் புரியல டீச்சர். மத்தியானமானா உள்ள ஓடி தாப்பா போட்டுக்குறா. அதுதான் இழுக்குதுன்னு பூசாரி சொல்றாரு."

சுவரை ஒட்டி நடந்துபோய்க் கதவைத் தட்டினேன். "லோஷினி, யோகேஸ்வரி டீச்சர் வந்திருக்கேன்." தாழ்ப்பாள் விலகியது. ஒரு கண் தெரிந்தது. என்னை உள்ளே இழுத்து மறுபடியும் தாழ்ப்பாள் போட்டாள். சாமிக்கு வைத்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் பயத்தின் சுவடே இல்லை.

"இங்க பயமா இல்லையா?"

"இல்ல. இங்க வராது. தாப்பா இருக்கு."

"சாமி ரூம்ல வருதுன்னு சொன்னியாமே? இதுதானே சாமி ரூம்?"

மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "இது வீட்டோட சாமி ரூம் டீச்சர். என்னோட சாமி ரூம் இங்க" என்று தன் மடிமேல் கையை வைத்துக் காட்டினாள்.

போன வருடம் மையத்தில் உடம்பைப் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். எந்த உறுப்புக்கு என்ன பெயர், யார் தொடலாம், வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது, ஒருவரைப் பிடித்துப்போனால் எப்படிப் பழகுவது. அஞ்சலை அக்காதான் முதலில் வந்து நின்றார். "அசிங்கத்தையெல்லாம் சொல்லிக் குடுக்காதீங்க, அதுங்க கொழந்தைங்க. என் மவளுக்கு நான் சொல்லிக்கிறேன்." அவர் சொல்லிக் கொடுத்த லட்சணம் இது. 'அது சாமி ரூம் மாதிரி, யாரும் உள்ள வரக்கூடாது' என்று. கூடப் படிக்கும் செல்வா இவள் கையைப் பிடித்து நடந்ததற்கு, அவனை வேறு வகுப்புக்கு மாற்றும்வரை கத்தித் தீர்த்ததும் இதே அக்காதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வெளியே கேட் கிறீச்சிட்டது. லோஷினி பழத்தைக் கீழே வைத்தாள்.

"வருது டீச்சர்."

அவள் எல்லாரையும் அப்படித்தான் சொல்வாள். அம்மா வருது, டீச்சர் வருது, பஸ் வருது. நம் வீடுகளில் யார்தான் அப்படிப் பேசவில்லை? அந்த 'வருது'வைத்தான் இவர்கள் பேய் என்று நினைத்துக்கொண்டார்கள்.

காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டி நேராகக் கதவுக்கு வந்தது. கதவு ஆடியது. "லோஷினி, மாமாதான். தொறம்மா" என்றது குரல், அவ்வளவு அன்பாக.

லோஷினி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இப்படித்தான் சொல்லும்" என்றாள்.

நான் கதவைத் திறந்தேன். பூசைத் தட்டோடு லெட்சுமணன் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. அவனுக்குப் பின்னால், வெள்ளை மாவில், வாசலிலிருந்து இந்தக் கதவுவரை காலடிகள் விழுந்திருந்தன. என்னை ஓரமாக நடக்கச் சொன்ன அக்கா, அவனை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா, காலடி விழுந்திருக்கு. பாருங்க" என்றேன்.

அக்கா மாவைப் பார்த்தார். என் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற மகளைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். வேலியே பயிரை மேய்ந்தது என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தம்பியோட காலுதானேன்னு நாந்தான் தெனமும் கூட்டி விட்டேன்" என்றார். பிறகு அதே துடைப்பத்தை எடுத்தார். தெரு முனைவரை அவனை அடித்துக்கொண்டே ஓடினார்.

அன்று சாயங்காலம் போலீஸ் நிலையத்தில், எங்கே தொட்டார்கள் என்று பெண் போலீஸ் மலாயில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "சாமி ரூம்ல" என்றாள் லோஷினி. அதை அப்படியே மலாயில் சொன்னால் பூசை அறை என்றுதான் எழுதுவார்கள். நான் அக்காவைப் பார்த்தேன்.

துப்பட்டாவால் வாயை மூடியிருந்த அக்கா கையை எடுத்தார். "அது சாமி ரூம் இல்லம்மா. பெண்ணுறுப்பு. அதான் அதோட பேரு. அம்மா தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

லோஷினி அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், நிறுத்தாமல். போலீஸ் எழுதி முடித்ததும் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப செல்வா பிடிச்சது?"

அக்காவுக்கு அழுகை பீறிட்டு வந்தது. "கைம்மா" என்றார். "அது வெறும் கைதாம்மா."