லயத்துக்காரர்கள் கொடுத்த நற்சான்று

இங்கிலீஷில் வேலைக்கு மனு எழுதுவது வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யவேண்டிய காரியம். தன் தம்பட்டத்தைத் தானே அடிக்கவேண்டும். அதையும் பணிவாக அடிக்கவேண்டும். ஈப்போ தபாலாபீசுக்கு எதிரே மேசை போட்டு ஊராருக்கு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான், முகம்மது கௌஸ். எனக்கு அந்த வெட்கம் எப்போதோ போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீரா சாஹிப்பின் மளிகைக் கடை மாடியில் கித்தாக் காட்டு, அதாவது ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு மனு எழுதக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். "தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டுக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார் மீரா சாஹிப். ஆனாலும் மாடிக்கு வாடகை கேட்கவில்லை.

பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு முந்தின வருஷம் அது. செமோர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவர் சன்னாசி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கித்தாத் தகடுகளைத் தொங்கவிட்டுப் புகைபோடும் கூடத்தில் வேலை. புகை அவர் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. ஒரு வரி வாசிப்பதற்குள் இரண்டு தடவை இருமுவார். அங்கேயே இருந்தால் இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

ஈப்போவில் ஈயச் சுரங்கங்களுக்கு இயந்திரச் சாமான் விற்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, சாமான் கிடங்குக்கு ஆள் தேடியது. இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். சன்னாசிக்குத் தெரியும். தகடு அனுப்பும் பெட்டிகளின்மேல் குத்தியிருக்கும் எழுத்துகளைப் பார்த்துத் தானாகவே ஆரம்பித்தவர் அவர்.

"உங்களுக்கு என்னென்ன தெரியும்ணே? சொல்லுங்க, எழுதுவோம்."

"ஒன்னும் தெரியாது பாய்."

"தகடத் தரம் பிரிக்கிறது யாரு?"

"அது எல்லாரும் செய்றதுதான்."

"பெட்டிக் கணக்கு?"

"ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி சொல்லுவாரு, நான் போடுவேன். நெறகுடம் தளும்பாதும்பாங்க பாய். நம்ம வாயால நம்மளப் பத்தி எப்படிச் சொல்றது?"

"தளும்பாத கொடத்த வெள்ளைக்காரன் காலிக்கொடம்னு தள்ளிட்டுப் போயிருவாண்ணே!"

கத்தியேவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். குறடு வைத்துப் பல் பிடுங்குவதுபோல் ஒவ்வொரு வரியாகப் பிடுங்கி ஒருவழியாக மனு தயாரானது.

மனுவோடு நற்சான்று வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. எஸ்டேட் துரையிடம் போய் நின்றார் சன்னாசி. நல்ல ஆளை விட மனமில்லாமல் துரை விரட்டிவிட்டார். துரை கொடுக்காததைக் கிராணி கொடுப்பாரா? வேறு பெரிய மனிதர் யாரையும் சன்னாசிக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். விரித்துப் பார்த்தேன். தாள் முழுக்கக் கைநாட்டு! ஆண், பெண் என்று எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் மை தொட்டு வைத்திருந்தார்கள்.

"என்னண்ணே இது? இப்படிக் கூட்டமாக் கைநாட்டு வச்சா கலவரத்துக்குக் கெளம்பிட்டாங்கன்னுதான் வெள்ளைக்காரன் நெனைப்பான். கொளுத்துங்க மொதல்ல!"

"நற்சான்று கேட்டாங்கள்ல பாய்? எங்க லயத்துல புதுசா ஒருத்தன் வந்தா, இவன் எப்படிப்பட்டவன்னு கூட இருந்தவங்களத்தான் கேப்போம். தொரைய யாரு கேப்பா?"

ஒவ்வொரு கைநாட்டுக்கும் மேலே இரண்டு மூன்று வரி இங்கிலீஷ். எழுத்து சன்னாசியுடையது. அந்த லயத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே! அவரைப் பற்றி அவர்கள் சொல்லச் சொல்ல, அவரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

"வேணாம், இது அதிகம்னேன். 'எழுதுய்யா, ஒன்னைய யாரு கேட்டா'ன்னு திட்டிப்புட்டாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வாசித்தேன். ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தபோது என் பிள்ளையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், இது காளியம்மா. குடிபோதையில் இவரை அடித்தேன், மறுநாள் என் அண்ணனுக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார், இது ஐயாவு. எல்லார் வீட்டுக் கடிதத்தையும் இவர்தான் படிக்கிறார், ஒரு வீட்டு விஷயம் இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை. என் அம்மா செத்த கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுது முடிக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார், இது முத்தம்மா.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'ஒழுக்கசீலர், உழைப்பாளி' என்று எத்தனையோ பேருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்காவது இந்தத் தாளின் ஒரு மூலைக்கு ஈடான உயிர் இருந்ததா? அந்தத் தாளை மனுவோடு சேர்த்து உறையில் போட்டேன். பயம் மட்டும் போகவில்லை.

ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் வரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். கம்பெனித் துரை அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"இதை எழுதியது யார்?"

"நான்தான் ஐயா" என்றார் சன்னாசி இங்கிலீஷில்.

"உன்னைப் பற்றி நீயே எழுதி, நீயே மை தடவி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாய். நான் நம்பவேண்டுமா?"

தொலைந்தோம் என்று நினைத்தேன்.

சன்னாசி நிதானமாகச் சொன்னார்: "அவர்களைக் கேளுங்கள் ஐயா. வெளியே நிற்கிறார்கள்."

எனக்கே தெரியாது! துரை எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் ஓடினேன். கிடங்கு முற்றத்து வெயிலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். விடிகாலையில் கித்தா மரங்களில் பால் வெட்டி, அதை எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, செமோரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். உடுப்பில் பால்கறை காயவில்லை. சாட்சி சொன்னவர் நேரில் வரவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வேலைக்கான நற்சான்றுக்கு யாரும் நேரில் வருவதில்லை என்று அவர்களுக்கு யார் சொன்னது? துரையைக் கண்டதும் மை வைத்த பெருவிரலை ஆளுக்கொன்றாக நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அரசாங்க ஊர்வலங்களையெல்லாம் ஈப்போவில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கம்பீரத்தை நான் கண்டதில்லை.

துரை தாளைப் பார்த்து ஒவ்வொருவராகக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்கூட மாறவில்லை. கடைசியில் முத்தம்மாவிடம் வந்தார்.

"இவர் இங்கே வந்துவிட்டால் உங்கள் கடிதங்களை யார் படிப்பார்கள்?"

"யாரும் இல்ல தொர" என்றாள் அவள். "அவரு போனா எங்க ஊருச் சேதி எங்களுக்கு நின்னு போயிரும். தெரிஞ்சுதான் வந்திருக்கோம். அந்தப் பொகையில அவரு சாகுறதப் பாத்துக்கிட்டு எங்களால கடுதாசி கேக்க முடியல."

அதை நான் இங்கிலீஷில் சொல்லவேண்டும். மனு எழுதியே பிழைக்கிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. என் பக்கத்திலிருந்து சன்னாசிதான் சொன்னார், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும், எதையும் விடாமல், நிமிர்ந்து நின்று. கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அவர் துடைக்கவில்லை.

துரை தொப்பியைக் கழற்றினார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று முத்தம்மா என்னைக் கேட்டாள்.

"வேல கெடச்சிருச்சு."

அவள் தலையாட்டிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "சரி, நடங்க. காலைல பெரட்டுல பேரு கொடுக்கணும்" என்றாள்.