இறக்கம் தேடி ஓடிய லாரி

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் மீசை இடப்பக்கம் மட்டும் உதிர்ந்துபோகட்டும்.

என்னிடம் ஒரு லாரி இருந்தது. என் மூத்த மகளைவிட ஐந்து வயது பெரியது. அவளைவிடச் சொன்ன பேச்சு கேட்கும். அதற்கு ஒரு வருஷம் சீக்கு வந்தது. இரண்டு நாள் ஓடினால் மூன்றாம் நாள் பேட்டரி செத்துக் கிடக்கும். சாவியைத் திருப்பினால் பல்லி சொல்வதுபோல் ஒரு 'டிக்', அவ்வளவுதான்.

தள்ளிவிட ஆள் கிடைக்காததால் இறக்கமான பாதையாகத் தேடினேன். தேடினால் கிடைக்காதது உண்டா? செங்கல் சூளைக்குப் போகும்போதும் இறக்கம், திரும்பும்போதும் இறக்கம் என்று ஒரு சாலை அகப்பட்டது. நான்கு மாதம் அதிலேயே ஓட்டினேன். முகப்பு விளக்கு அத்தனை மங்கல். ஒரு சாயங்காலம் எதிரே வந்த மின்மினிக்கு வழிவிட்டு நான்தான் ஓரம் கட்டினேன்.

என் மனைவி பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, சனிக்கிழமை சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வர்றார். அதுக்குள்ள அது தானா ஸ்டார்ட் ஆச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா போகட்டும்."

எதையும் இரண்டாம் தடவை சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. எங்கள் பிள்ளைகள் இருவரையும் ஆளாக்கிய வண்டி அது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் தம்பி, என் மச்சான், தெரியாது என்ற சொல்லே தெரியாதவன். "பேட்டரிதான் மாமா" என்றான். மாற்றினோம். "அப்ப டைனமோ." மாற்றினோம். "பெல்ட்டாத்தான் இருக்கணும்." அதையும் மாற்றினோம்.

"இனி டிரைவரை மாத்திப் பாக்கலாம்" என்றாள் அவன் அக்கா.

சனிக்கிழமை மத்தியானம் மீட்டரம்மா வந்தார். வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர். மீட்டர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர்.

"எதையும் கழட்டாதீங்க" என்றார் முதலில்.

வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தோம். டைனமோவில் மீட்டரை வைத்தார், பதினாலேகால் வோல்ட். பேட்டரியில் வைத்தார்; பன்னிரண்டு.

"சோறு வெந்திருக்கு. தட்டுக்கு வரலை" என்றார்.

மீட்டரின் ஒரு முனையை இன்ஜின்மேலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். "இங்க ஒண்ணுமே காட்டக்கூடாது. ரெண்டு வோல்ட் காட்டுது. வழியில எங்கயோ தொலையுது."

பேட்டரியிலிருந்து எர்த் பட்டையைத் தடவிக்கொண்டே போனவர், அதை லாரியின் சட்டத்தோடு முடுக்கியிருந்த இடத்தில் நின்றார். அங்கே பச்சைப் பெயின்ட் பளபளத்தது.

"இது யார் அடிச்சது?"

"நான்தான் தங்கச்சி. மூணு கோட்டு. பட்டையைக் கழட்டி, அதுக்கு அடியிலயும் விடலை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"கரண்ட் போற வழியே அதுதான் அண்ணே. வாசக்கதவைச் சுவரோட சேத்துப் பூசிட்டு, விருந்தாளி வரலையேன்னு உக்காந்திருக்கீங்க."

"நான் அப்பவே நெனச்சேன்" என்றான் மச்சான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, உப்புத்தாளால் இரும்பு வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்துப் பட்டையை முடுக்கினார். மறுபடி தள்ளினோம். பேட்டரியில் பதினாலு. ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினோம். "இப்பப் போடுங்க" என்றார். சாவி என் சட்டைப்பையில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

பழைய இரும்புக்காரர் வந்து நின்றபோது லாரி உறுமிக்கொண்டிருந்தது. என் மனைவி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றாள் அவரிடம். குடித்தார். கிளம்பத்தான் முடியவில்லை, அவர் வண்டி 'டிக்' என்றது. எங்கள் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தோம். ஸ்டார்ட் ஆனதோடு, பத்து வருஷமாக ஊமையாக இருந்த அவர் ஹாரனும் பேசியது.

மீட்டரம்மா சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் அருகில் போனேன்.

"உனக்கு நான் என்னம்மா செய்யணும்?"

"பெயின்ட் டப்பாவைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, போதும்."

அன்றுமுதல் தினமும் காலையில் இன்ஜின் பிடித்ததும் அவர் கடை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறேன். நன்றி மறந்தவனுக்கு எந்தப் பேட்டரியிலும் சார்ஜ் நிற்காது.

என் வாழ்நாளில் எனக்குச் சொந்தமாக இருந்த ஒரே வண்டி சைக்கிள். அதில் டைனமோ கிடையாது.