கண்டக்டரம்மாவின் டம்ளர் தண்ணீர்

கண்டக்டரம்மா வேகமாகச் செஸ் ஆடினால் பக்கத்தில் இருக்கும் டம்ளர் தண்ணீர் கொதிக்கும். உட்கார்ந்து செஸ் புத்தகம் படித்தால் அதே தண்ணீர் உறைந்துபோகும். வீட்டில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஐந்து நிமிட ஆட்டம் முடிந்த கையோடு கணவர் அதில் காபி கலந்துகொள்வார். அவள் படிக்கும் நாட்களில் எதிர்வீட்டு மீன்காரர் ஐஸ் கேட்டு வருவார்.

கவலையெல்லாம் வேறு. கிளப் சாம்பியன் மருந்துக்கடைக்காரரை ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தீராத ஆசை. அவரோ, "சீக்கிரம் தோத்துட்டு இறங்கும்மா, நான் கடை திறக்கணும்" என்பார். முதல் வருடம் வேக ஆட்டமாக ஆடித் தள்ளினாள். போட்டியன்று மூளை யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டு ராணியைத் தாரை வார்த்தது. மறுவருடம் வேக ஆட்டத்தைத் தலைமுழுகிவிட்டுப் புத்தகமே கதியென்று கிடந்தாள். போட்டியில் எல்லா வழிகளும் கண்ணுக்குத் தெரிந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. பலகையோடு உறைந்துபோன அவளுடைய குதிரையை மருந்துக்கடைக்காரர்தான் சாவியால் நெம்பி எடுத்தார். வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதாள்.

"ஒண்ணு கொதிக்குது, இல்லன்னா உறையுது. குடிக்கிற மாதிரி எப்பதான் தண்ணி தருவே?" என்றார் கணவர். தாகத்தில் கேட்டதுதான். அவளுக்குச் சுரீரென்றது.

அன்றிலிருந்து ஒரே ஒரு வேக ஆட்டம். முடிந்ததும், எந்த இடத்தில் சறுக்கினோமோ அந்தக் காய்நிலையை மட்டும் பலகையில் அடுக்கிவைத்து, தண்ணீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். குடிக்கிற பதம் வந்ததும் எழுந்துவிடுவாள். மீன்காரருக்குத்தான் வருத்தம்.

அடுத்த போட்டியில் அவள் கை தெரிந்த இடத்தில் ஓடியது, தெரியாத இடத்தில் நின்றது. அவள் யானையை நகர்த்திய நேரத்தில் வெளியே பெய்த மழை வெதுவெதுப்பாக இருந்தது என்று நனைந்து வந்தவர்கள் சொன்னார்கள். கைக்குழந்தைகள்கூட அந்த மழையில் சிணுங்காமல் நனைந்தனவாம். அப்படியொரு அழகான ஆட்டத்தை அந்தக் கிளப் அதற்குமுன் கண்டதில்லை.

மருந்துக்கடைக்காரருக்கு நாக்கு வறண்டது. "உன் தண்ணியில கொஞ்சம் குடிச்சுக்கட்டுமாம்மா?" என்றார். டம்ளரை நகர்த்திவைத்தாள். அவர் நிதானமாகக் குடித்து முடித்து, "சரியான பதம்" என்று சொல்லி, தன் ராஜாவைச் சாய்த்தார். அன்று அவர் கடை திறக்கப் போகவில்லை.