நான்கு நிமிட வேலை

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு ஆறு மாடிக் குடியிருப்பின் ஒரே லிஃப்ட், மூன்றாம் மாடியில் கதவு பாதி மூடிய நிலையில் நின்றது. ஆறாம் மாடியில் அப்பாவைக் கழுத்துவரை போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். மயானத்துக்கு அவரை ஏற்றிச் செல்லும் வண்டி கீழே வந்துவிட்டிருந்தது.

"மெக்கானிக் வர மத்தியானம் ஆகுமாம். படி வழியா தூக்கிடலாமா?" என்றார் மகளின் கணவர்.

"முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணின மனுஷன். படியில இறக்கினா எழுந்து உட்கார்ந்து திட்டுவார்," என்றாள் மகள்.

அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்து நீல அட்டை நோட்டை எடுத்தாள். இந்த லிஃப்ட் மக்கர் செய்யும்போதெல்லாம் அவர்தான் சரிசெய்வார். சாயங்காலம் உட்கார்ந்து அதை எழுதியும் வைப்பார். அவள் இதுவரை பிரித்ததில்லை. ஊரில் தனியாக இருந்த அப்பாவை, வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்லி, போன வருஷம் மார்ச்சில் இங்கே கூட்டிவந்தது அவள்தான். பகலெல்லாம் அவளுக்கு ஆபீஸ். பிடிச்சிருக்காப்பா என்று எத்தனை முறை கேட்டிருப்பாள். ஒரே பதில்தான்: 'பரவாயில்ல.' அதற்கு என்ன அர்த்தம் என்பது நோட்டில் இருந்தாலும் இருக்கும்.

நோட்டுக்குள் ஒரு பல் துலக்கும் பிரஷ் செருகியிருந்தது.

கணவரோடு மூன்றாம் மாடிக்கு இறங்கி, படியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தாள். லிஃப்டுக்கு எதிர்வீட்டில் இருக்கும் பாட்டு டீச்சர் அழுத கண்களோடு வாசலில் நின்றிருந்தார்.

"ஏப்ரல் 4. மூன்றாம் மாடிக் கதவு நகரவில்லை. முதலில் மெயினை அணைத்தேன். காரணம்: கீழ்த் தடத்தில் மணல். கருவி: மாப்பிள்ளை பிரஷ். நார் நல்ல கடினம்."

"என் பிரஷ்ஷா! எலி தூக்கிட்டுப் போயிருக்கும் மாப்பிள்ளைன்னாரே! நான் எலிப்பொறி வேற வாங்கிட்டு வந்தேன்," என்றார் கணவர்.

"ஜூன் 19. அதே கதவு. நாலு விரல் திறந்து நின்றது. உள்ளே பாட்டு டீச்சர். பயம் தெளியப் பாடச் சொன்னேன். ஏழு பாட்டு. வேலை நேரம் நான்கு நிமிடம். மொத்தம் ஐம்பது நிமிடம்."

"நாலு நிமிஷமா?" டீச்சர் நிலைப்படியைத் தாண்டி வந்துவிட்டார். "ரொம்பச் சிக்கலா இருக்கும்மா, இன்னொண்ணு பாடுங்க, இன்னொண்ணு பாடுங்கன்னு... ரெண்டு நாள் எனக்குத் தொண்டையே இல்ல!" சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திப் பார்த்தார். அடங்கவில்லை. கணவருக்கும் தொற்றிக்கொண்டது.

மகள் தாளைப் புரட்டினாள். ஆகஸ்டில் அதே கதவுக்குப் பின்னால் நாலாம் மாடித் தையல்காரர் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கதவு இடுக்கு வழியாகவே அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறார். அதையும் படித்தாள். அடுத்ததை மட்டும் மனதுக்குள் படித்தாள்.

டிசம்பர் 2. பழுது இல்லை. மகள் மறுபடி கேட்டாள். பரவாயில்ல என்றேன். நன்றாக ஓடும் யந்திரத்தைப் புகழக் கூடாது. கண் பட்டு நின்றுவிடும்.

"என்ன எழுதியிருக்கார்?" என்றார் கணவர்.

"கதவை எப்படிச் சரிபண்றதுன்னு," என்றாள். "நீங்க மேல போய் மெயினை ஆஃப் பண்ணுங்க."

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். தடத்தில் மணலோடு ஒரு சட்டைப் பொத்தானும் கிடந்தது. யாரும் கேட்காமலே டீச்சர் பாட ஆரம்பித்தார். மூன்றாவது பாட்டில் கதவு கையோடு நகர்ந்தது. அவளுக்குப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

மெயினை மறுபடி போட்டு, பத்தரை மணிக்கு அப்பாவை லிஃப்டில் ஏற்றினார்கள். ஆறாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு முப்பத்தெட்டு விநாடி. வழியில் எங்கும் நிற்கவில்லை.