உப்பு அலமாரிச் சாவி

பண்டார் பாரு ஊரில் உப்புக்குப் பூட்டுப் போட்ட வீடு ஒன்றே ஒன்றுதான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலமெல்லாம் ஸ்டோர் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு திரிந்த பரஞ்சோதி, ஓய்வு பெற்றதும் அந்த இடம் காலியாகக் கிடப்பது பொறுக்காமல், உப்பு டப்பா இருந்த அலமாரியின் சாவியை அங்கே முடிந்துகொண்டார்.

இதயம் பலவீனம், உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னது அவருக்கு மட்டும்தான். ஆனால் அவருக்குத் தனியாகத் திருந்திப் பழக்கமில்லை. மனைவி யோகேஸ்வரியின் தட்டிலிருந்து தஞ்சோங் டாவாய் கருவாடு காணாமல் போனது. தலைவர் என்ற முறையில் முதியோர் சங்கத்தின் உளுந்து வடையையும் ஒழித்துக்கட்டினார்.

உப்பு போன இடத்தில் நுரை வந்தது. தண்ணீரில் போட்டால் ஆரஞ்சு மணத்தோடு புஸ்ஸென்று பொங்கிக் கரையும் சத்து மாத்திரை. களைப்பா? ஒன்று. மூச்சு வாங்குகிறதா? இன்னொன்று. சங்கத்துக் கிழவர்கள் எல்லோருக்கும் அதைப் பழக்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் அவருக்கு ‘இதயச் செம்மல்’ பட்டம் தரவிருந்தது. விழா முடிவில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மாத்திரையைக் கரைத்துத் தலைவரின் நலத்துக்காகக் குடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் தலைவர்தான்.

காலையில் சப்பாத்து காலில் ஏறவில்லை. கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சில நாட்களாகவே நாற்காலியில்தான் தூக்கம்.

“என்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்,” என்றாள் யோகேஸ்வரி.

“பட்டம்... வாங்கிட்டு... போலாம்.” ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்தார். பிறகு விரலை நீட்டினார். “உண்மைய சொல்லு. கறியில உப்பு போடுற. அதான் இப்படி வீங்குது.”

“சாவி உங்க இடுப்புல. நான் எங்கேருந்து போடுவேன், கண்ணீர் விட்டா?”

“பக்கத்து வீட்டுல கடன் வாங்கியிருப்ப!”

“ஆமா, உப்பு கடன் வாங்கி உங்களக் கொல்லப் பாக்குறேன். வேற வேலை இல்ல பாருங்க எனக்கு.”

அவர் கோப்பையில் இரண்டு மாத்திரைகளைப் போட்டு மளமளவென்று குடித்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

மகள் ரூபினி காரைக் கிளப்பினாள். “மண்டபத்துக்குத்தானே?” என்று கேட்டார் பரஞ்சோதி பின்சீட்டிலிருந்து.

“ஆமாப்பா,” என்றாள், ஆஸ்பத்திரிப் பக்கம் காரைத் திருப்பிக்கொண்டே. அவர் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசாத பரஞ்சோதியை யோகேஸ்வரி பார்த்ததே இல்லை.

அவசரப் பிரிவில் மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாட்டினார்கள். நீர் இறங்க ஊசி போட்டார்கள். அப்போதும் மாஸ்க்கைத் தூக்கி, “டாக்டர், வீட்டுல யாரோ எனக்கு உப்பு குடுக்குறாங்க,” என்று புகார் கொடுத்தார்.

டாக்டர் ஹபீஸா, அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த மாத்திரைக் குழாயை எடுத்துப் பார்த்தார். “இது ஒரு நாளைக்கு எத்தனை, ஐயா?”

“ஏழு... எட்டு. சத்துதானே?”

“உப்பு குடுக்குறது யாருன்னு தெரிஞ்சு போச்சு. நீங்கதான். இது பொங்குறதுக்காக சோடியம் சேர்த்திருக்காங்க. உப்புல இருக்கே, அதே சோடியம். எட்டு குடிச்சா கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் உப்புல உள்ள அளவு உள்ள போகுது. உங்க இதயத்துக்கு அது தாங்காது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டீங்க லா.”

யோகேஸ்வரி கணவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கூரையைப் பார்த்தார்.

“சங்கத்துல... சொல்லிடாத,” என்று முனகினார்.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. “டாக்டர், அங்க எல்லாருக்கும் பிரஷர். இவரு பேச்சக் கேட்டு தினமும் இதத்தான் குடிக்கிறாங்க. இப்ப மண்டபத்துல கோப்பையோட உக்காந்திருப்பாங்க!”

“உடனே நிறுத்தச் சொல்லுங்க. காலு வீங்கினவங்க, மூச்சு வாங்குறவங்க யாரா இருந்தாலும் இன்னைக்கே கிளினிக்குக்குப் போகணும்.”

ரூபினி சங்கச் செயலாளர் காளிதாசனைப் போனில் அழைத்தாள். “உங்கப்பா சொல்லாம எப்படிமா நிறுத்துறது? அவரு வருவாருன்னு காத்திருந்து பாத்துட்டு இப்ப எல்லாரும் மாத்திரைய கையில வச்சிருக்காங்க. ஐயாகிட்ட போன குடு, இங்க மைக்குகிட்ட வைக்கிறேன்.”

யோகேஸ்வரி போனை வாங்கிக் கணவரின் முகத்தருகே நீட்டினாள். அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பினார். போனும் கூடவே திரும்பியது.

“செம்மல் பட்டம் போனா போவுதுங்க. சங்கத்து லோகேஸ்வரி அக்காவுக்கும் காலு வீங்கியிருக்கு. நேத்து கோயில்ல பாத்தேன்.”

போனில் யாரோ பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணத் தொடங்கியது கேட்டது. பரஞ்சோதி மாஸ்க்கைக் கழற்றினார்.

“பேரன்புமிக்க பெரியோர்களே...” மூச்சு அங்கேயே தீர்ந்துவிட்டது.

“சுருக்கமா!” என்றாள் யோகேஸ்வரி.

“குடிக்காதீங்க,” என்றார். “அதுல உப்பு. நான்... தப்பா சொல்லிட்டேன்.”

அவர் வாழ்நாளில் ஆற்றிய மிகச் சிறிய உரை அது. கைதட்டல் இல்லை. எண்ணுவது நின்றது. நாற்காலிகள் இழுபட்டன. பிறகு சிமென்ட் தரையில் தண்ணீர் கொட்டும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக.

யோகேஸ்வரி மாஸ்க்கை அவருக்குத் திரும்ப மாட்டிவிட்டாள். போர்வைக்குள் கையை விட்டு அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தாள். அவர் தடுக்கவில்லை.